உங்களுக்குத் தெரியுமா? வெயிலே அடுப்பு, குழாயே கொதிகலன்!

சூரிய மின்சாரம் என்றதும் மொட்டைமாடியில் சாய்த்து வைத்திருக்கும் நீலப் பலகைகள்தான் நினைவுக்கு வரும். வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்க இன்னொரு வழியும் உண்டு. கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியால் டர்பைனைச் சுழற்றுவது. இதில் இரண்டு கட்சி. முதலில் எண்ணெயையோ உப்பையோ சூடாக்கி, அந்தச் சூட்டைக் கொண்டு தண்ணீரைக் காய்ச்சலாம் என்பது ஒரு கட்சி. நடுவில் தரகர் எதற்கு, வெயில் படும் குழாயிலேயே தண்ணீர் கொதிக்கட்டும் என்பது மற்றொரு கட்சி. 'நேரடி நீராவி' என்று பெயர் பெற்ற இந்த இரண்டாவது கட்சியின் கதை, துணுக்குத் துணுக்காக இதோ.

★ வெயில் செய்த பனிக்கட்டி

பிரான்சின் தூர் நகரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் அகுஸ்தன் மூஷோ. நிலக்கரி ஒருநாள் தீர்ந்துபோகும் என்ற கவலை அவருக்கு 1860களிலேயே வந்துவிட்டது. கூம்பு வடிவக் கண்ணாடியின் நடுவே கொதிகலனை நிறுத்தி நீராவி எடுத்தார். 1878-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில், அந்த நீராவியால் குளிர்பதன இயந்திரத்தை ஓட்டிப் பனிக்கட்டி செய்து காட்டினார். வெயிலை வைத்து ஐஸ் செய்தவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆனால், நிலக்கரி விலை இறங்கியதும் அரசாங்கத்துக்கு ஆர்வம் போய்விட்டது.

★ வெயில் அச்சடித்த பத்திரிகை

மூஷோவுக்குத் துணையாக இருந்தவர் ஆபேல் பீஃப்ர். 1882 ஆகஸ்டில் பாரிஸின் துய்லெரி தோட்டத்தில், மூன்றரை மீட்டர் அகலக் குழிவுக் கண்ணாடியால் நீராவி எடுத்து ஓர் அச்சு இயந்திரத்தை ஓட்டினார். மணிக்கு சுமார் 500 பிரதி. அச்சான பத்திரிகையின் பெயர்? 'சூரியப் பத்திரிகை'!

★ பம்பாய்ப் பதிவாளர்

அதே 1870களில் நம் நாட்டிலும் ஒருவர் வெயிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பம்பாயில் துணைப் பதிவாளராக வேலை பார்த்த ஆங்கிலேயர் வில்லியம் ஆடம்ஸ். வளைந்த பெரிய கண்ணாடி விலை அதிகம், பராமரிப்பதும் கஷ்டம் என்று கண்டு, சின்னச் சின்னத் தட்டைக் கண்ணாடிகளை அரைவட்டமாக அடுக்கி, எல்லாவற்றின் ஒளியையும் ஒரே கொதிகலன்மேல் திருப்பினார். இரண்டரைக் குதிரைத்திறன் பம்பு ஓடியது. வெப்ப நாடுகளில் விறகுக்கும் கரிக்கும் பதிலாக வெயிலைப் பயன்படுத்துவது பற்றி 1878-ல் புத்தகமும் எழுதினார். இன்று பாலைவனங்களில் நிற்கும் சூரியக் கோபுரங்களின் அடிப்படை யோசனை இதுவேதான்: தட்டைக் கண்ணாடிகள் பல, கொதிகலன் ஒன்று.

★ நெருப்புக்கோழிக்கு நடுவே

1901-ல் கலிபோர்னியாவின் பசடீனா நகருக்கு அருகே, ஒரு நெருப்புக்கோழிப் பண்ணையில் தலைகீழ்க் குடை போன்ற ஒரு ராட்சதக் கருவி நின்றது. உட்புறம் முழுக்க 1,788 சின்னக் கண்ணாடிகள். ஆப்ரி ஈனியஸ் என்பவர் அமைத்தது. அது தந்த நீராவியில் நீர் இறைக்கும் இயந்திரம் ஓடியது. கோழியைப் பார்க்க வந்த கூட்டம் இதையும் வாய்பிளந்து பார்த்துவிட்டுப் போனது.

★ நைல் கரையில் ஐந்து தொட்டிகள்

உடைந்தாலும் சிதறாத கம்பிவலைக் கண்ணாடியால் பேர் வாங்கியவர் அமெரிக்காவின் ஃபிராங்க் ஷூமன். 1913-ல் எகிப்தில் கெய்ரோவை அடுத்த மாடி என்ற ஊரில், நைல் நீரை வயலுக்கு இறைக்க ஒரு சூரிய நிலையம் கட்டினார். பாதியாகப் பிளந்த மூங்கில்போல் வளைந்த ஐந்து கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றும் 62 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். தொட்டியின் நடுவே ஓடிய நீண்ட கொதிகலனிலேயே தண்ணீர் ஆவியானது. நிமிடத்துக்கு 20,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. திட்டம் அத்தோடு சரி. போர் முடிந்தபோது உலகம் பெட்ரோலியத்தின் பின்னால் ஓடத் தொடங்கியிருந்தது.

★ முதலில் தரகர் இல்லை

மேலே சொன்ன எல்லோருமே நேரடி நீராவிக் கட்சிதான். எண்ணெயை நடுவில் விட வேண்டும் என்று அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. அதாவது, இன்று 'புதுத் தொழில்நுட்பம்' என்று பேசப்படும் நேரடி நீராவிதான் மூத்த பிள்ளை. எண்ணெய் பிறகு வந்து சேர்ந்த தம்பி.

★ இத்தாலியப் பேராசிரியரின் மலைச்சரிவு

1960களில் இத்தாலியின் ஜெனோவாவுக்கு அருகே, சான்ட் இலாரியோ என்ற ஊரில் பேராசிரியர் ஜொவான்னி ஃபிரான்சியா ஒரு கண்ணாடித் தோட்டமே போட்டார். ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸ் சூட்டில், உயர் அழுத்த நீராவி கிடைத்தது. ஆடம்ஸ் போட்ட கோலத்துக்கு ஃபிரான்சியா வண்ணம் தீட்டினார் என்று சொல்லலாம்.

★ தரகர் வந்த கதை

1984 முதல் 1990 வரை கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் 'லூஸ்' என்ற நிறுவனம் ஒன்பது சூரிய வெப்ப நிலையங்களைக் கட்டியது. மொத்தம் 354 மெகாவாட். அவற்றின் குழாய்களில் ஓடியது தண்ணீர் அல்ல, எண்ணெய். காரணம் எளிது. எண்ணெய் கொதித்து ஆவியாகாமல் திரவமாகவே குழாயில் ஓடும். எங்கே எவ்வளவு சூடு என்று கணக்கிடுவது சுலபம். அந்த நிலையங்களைப் பார்த்துத்தான் உலகம் சூரிய வெப்ப மின்சாரத்தை நம்பத் தொடங்கியது. நிறுவனம் என்னவோ 1991-ல் திவாலானது.

★ தரகர் வாங்கும் கமிஷன்

எண்ணெயின் குறைகள் மூன்று. ஒன்று, 400 டிகிரியைத் தாண்டினால் அது சிதைந்துபோகும்; அதனால் நீராவியின் சூடும் அதற்குக் கீழேயே நின்றுவிடும். இரண்டு, இந்த வகை எண்ணெய் 12 டிகிரியிலேயே உறையும். பாலைவனத்தின் பனிக்கால இரவில் அதைச் சூடாக வைத்திருக்கத் தனியாக எரிபொருள் செலவழிக்க வேண்டும். மூன்று, அது தீப்பிடிக்கும். லூஸ் கட்டிய முதல் நிலையத்தின் எண்ணெய்ச் சேமிப்புத் தொட்டி 1999-ல் எரிந்தே போனது. இவை போதாதென்று, எண்ணெயின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்ற ஒரு வெப்பமாற்றி. அங்கேயும் கொஞ்சம் சூடு குறையும்.

★ அப்படியானால் தண்ணீரையே விட வேண்டியதுதானே?

விடலாம். ஆனால், தண்ணீர் லேசுப்பட்ட ஆள் இல்லை. சாதாரண அழுத்தத்தில் 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,670 லிட்டர் இடம் கேட்கும். அழுத்தத்தை 100 மடங்காக்கி அடக்கி வைத்தாலும், தான் இருந்த இடத்தைப்போல 12 மடங்கு கேட்கும். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள ஒரே குழாய். ஒரு முனையில் தண்ணீர் நுழைகிறது, மறுமுனையில் ஆவி சீறுகிறது. நடுவில் எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே ஆவி தொடங்குகிறது? அந்த எல்லை நிமிடத்துக்கு நிமிடம் முன்னும் பின்னும் நகரும்.

★ வீட்டு குக்கரும் மின் நிலையக் குழாயும்

வீட்டு பிரஷர் குக்கருக்குள் சுமார் 2 பார் அழுத்தம், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு. அதில் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரியில் கொதிக்கும். சூரிய நிலையத்தின் குழாயில் 100 பார் வரை போகும். அங்கே தண்ணீர் கொதிக்க 311 டிகிரி வேண்டும். ஐம்பது குக்கரின் அழுத்தத்தை, 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய், அரைக் கிலோமீட்டர் நீளத்துக்குத் தாங்கி நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

★ குழாய்க்குள் எட்டிப் பார்த்தால்

படுக்கை வசமாகக் கிடக்கும் குழாயில் தண்ணீர் மெதுவாக ஓடினால், கனமான தண்ணீர் அடியில் தங்கும். லேசான ஆவி மேலே மிதக்கும். தண்ணீர் தொடும் பக்கம் குளிர்ச்சியாகவே இருக்கும். ஆவி மட்டும் தொடும் பக்கத்தில் சூட்டை வாங்கிக்கொள்ள ஆளில்லை, இரும்பு தகிக்கும். ஒரே வளையத்தில் ஒரு பக்கம் அதிகம் விரிந்து, மறுபக்கம் குறைவாக விரிந்தால் குழாய் வளையும். குழாயைச் சுற்றி வெற்றிடத்தோடு போர்த்தியிருக்கும் கண்ணாடி உறையில் அது முட்டினால், உறை 'பட்'டென்று உடையும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உச்சிவெயிலில் இந்தத் தொல்லை குறைவு. அப்போது தொட்டிக் கண்ணாடி குழாய்க்கு நேர்கீழே இருந்து ஒளியை வீசும். தண்ணீர் இருப்பதும் அதே அடிப்பக்கம்தான். காலையிலும் மாலையிலும் தொட்டி பக்கவாட்டில் திரும்பி நிற்கும். ஒளி படுவது குழாயின் விலாவில். தண்ணீரும் ஆவியும் எல்லைச் சண்டை போடும் இடமும் அதுவே. தண்ணீரைப் போதிய வேகத்தில் விரட்டினால், அது குழாயின் உட்சுவர் முழுவதையும் நனைத்துக்கொண்டே ஓடும். மருந்து அவ்வளவுதான். ஆனால், அந்த வேகத்தைக் கண்டுபிடிக்கத்தான் ஆண்டுகள் ஆயின.

★ ஸ்பெயினில் ஒரு பள்ளிக்கூடம்

தென் ஸ்பெயினின் அல்மேரியா மாகாணத்தில் தபெர்னாஸ் என்ற வறண்ட சமவெளி. அங்குள்ள சூரிய ஆய்வு மையத்தில் 1990களின் பிற்பாதியில் ஏறக்குறைய 500 மீட்டர் நீளத் தொட்டி வரிசை ஒன்று, தண்ணீருக்கென்றே கட்டப்பட்டது. மூன்று வழிகளைச் சோதித்தார்கள். முதல் வழி, ஒரு முனையில் விட்ட தண்ணீர் மறுமுனைக்குள் முழுதும் ஆவியாக வேண்டும்; சிக்கனம், ஆனால் அடக்குவது கடினம். இரண்டாவது, வழியில் ஆங்காங்கே தண்ணீரைப் பீய்ச்சுவது. செலவும் சிக்கலும் அதிகம். மூன்றாவது, தேவைக்கு மேல் தண்ணீர் விட்டு, நடுவில் ஒரு பானையில் ஆவியைப் பிரித்து, மிஞ்சிய தண்ணீரை மறுபடி சுற்றுக்கு அனுப்புவது. நடைமுறைக்கு ஏற்றது மூன்றாவதே என்று முடிவானது. சோறு வடித்த கஞ்சியைக் கீழே கொட்டாமல் திரும்ப உலையில் ஊற்றுகிற கதை.

★ மேகம் வந்தால்?

ஒரு மேகம் கடந்தால் எண்ணெய்க் குழாயில் சூடு மெல்லத்தான் இறங்கும். தண்ணீர்க் குழாயில் கொதிப்பு உடனே தடுமாறும். ஆவியோடு தண்ணீர்த் துளிகளும் சேர்ந்து டர்பைனுக்குள் பாய்ந்தால் ஆபத்து. அதிவேகத்தில் சுழலும் இறக்கைக்கு ஒவ்வொரு துளியும் ஒரு கல்லடி. அதனால்தான் டர்பைன் வாசலில் துளிகளைத் தடுக்கும் பிரிப்பான் காவலுக்கு நிற்கிறது.

★ கலங்கரை விளக்கத்திடம் கற்ற பாடம்

கப்பலுக்கு வழிகாட்டும் விளக்குக்குத் தடித்த லென்ஸ் வேண்டாம், அதைப் பட்டை பட்டையாக நறுக்கித் தட்டையாக்கினால் போதும் என்று 1820களில் காட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனல். அதே தந்திரம் கண்ணாடிக்கும் பொருந்தும். ஒரு பெரிய வளைந்த தொட்டிக்குப் பதிலாக, தரையோடு தரையாக நீளமான கண்ணாடிப் பட்டைகள். மேலே கம்பங்களில் அசையாமல் நிற்கும் ஒரே குழாய். சூரியன் நகர நகரப் பட்டைகள் மட்டும் திரும்பும். தொட்டி முறையில் குழாயும் சேர்ந்து அசைவதால், வளையும் இணைப்புகள் வேண்டும். 100 பார் நீராவிக்கு அந்த இணைப்புகள்தான் ஒழுகும் இடம். ஃபிரெனல் முறையில் குழாய் அசையாததால் அந்தத் தலைவலி இல்லை. நேரடி நீராவிக்காரர்கள் பலரும் ஃபிரெனல் பக்கம் சாய்ந்ததன் ரகசியம் இதுதான்.

★ முர்சியாவின் பட்டைகள்

2012-ல் ஸ்பெயினின் முர்சியா மாகாணம், கலஸ்பாராவில் 30 மெகாவாட் ஃபிரெனல் நிலையம் இயங்கத் தொடங்கியது. பெயர் புவெர்த்தோ எர்ராதோ 2. எண்ணெய் இல்லை, சுமார் 270 டிகிரி நீராவி நேராக டர்பைனுக்குப் போகும். கண்ணாடிப் பட்டைகளைத் துடைக்க, அவற்றின் மேலேயே ஊர்ந்து செல்லும் இயந்திரங்கள் உண்டு.

★ காஞ்சனபுரியில் 5 மெகாவாட்

வளைந்த தொட்டியில் நேரடி நீராவி எடுத்து வணிக முறையில் மின்சாரம் விற்கத் தொடங்கிய முன்னோடி நிலையம் ஐரோப்பாவில் இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரி மாகாணத்தில் இருக்கிறது. திறன் 5 மெகாவாட். ஈரக்காற்றும் மேகமும் உள்ள ஊரில் இதைச் செய்து பார்த்ததுதான் துணிச்சல்.

★ தார் பாலைவனத்தில்

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டம், துர்சார் கிராமத்தில் 2014-ல் ரிலையன்ஸ் பவர் 125 மெகாவாட் ஃபிரெனல் நிலையத்தைத் தொடங்கியது. உலகின் மிகப் பெரிய ஃபிரெனல் நிலையம் என்று பெயர் பெற்றது இது. ஓடுவது நேரடி நீராவியில்.

★ கோயம்புத்தூர்க் கைவண்ணம்

டெல்லியை ஒட்டிய குர்கானில் மும்பை ஐஐடி முன்னின்று 1 மெகாவாட் சூரிய வெப்ப நிலையம் ஒன்றைக் கட்டியது. அதில் இரண்டு கட்சியும் ஒரே கூரையின் கீழ்: ஒரு பக்கம் எண்ணெய் ஓடும் தொட்டிகள், மறுபக்கம் தண்ணீரே கொதிக்கும் ஃபிரெனல் பட்டைகள். இரண்டின் நீராவியும் சேர்ந்து ஒரே டர்பைனுக்குப் போகும். அந்த ஃபிரெனல் பகுதியைச் செய்து தந்தது கோயம்புத்தூரின் கேஜி டிசைன் சர்வீசஸ்.

★ டீசல் என்ஜினில் நீராவி

ஆஸ்திரேலியாவின் ஒயிட் கிளிஃப்ஸ், ஓப்பல் கல் தோண்டும் சின்ன ஊர். அப்போது மின்கம்பி போகாத இடம். 1980களின் தொடக்கத்தில் அங்கே 5 மீட்டர் அகலமுள்ள 14 வட்டில் வடிவக் கண்ணாடிகளை வைத்து, ஒவ்வொன்றின் குவியத்திலும் நீராவி எடுத்தார்கள். ஓட்டிய என்ஜின்? பழைய லிஸ்டர் டீசல் என்ஜின்தான், நீராவிக்கு ஏற்றபடி மாற்றியது. கிடைத்தது 25 கிலோவாட்.

★ கோபுரத்தின் உச்சியில் உலை

குழாயை நூற்றுக்கணக்கான மீட்டர் இழுக்காமல், கொதிகலனை ஒரே இடத்தில், கோபுர உச்சியில் வைத்துவிட்டால்? 1982-ல் கலிபோர்னியாவில் 'சோலார் ஒன்' அதைத்தான் செய்தது. 1,818 கண்ணாடிகள், 10 மெகாவாட், உச்சியில் தண்ணீர் நேராக ஆவியானது. பின்னாளில் அதே கோபுரம் உருகிய உப்புக்கு மாற்றப்பட்டு 'சோலார் டூ' ஆனது. ஒரே கோபுரம் கட்சி மாறியது! மாறிய காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

★ செவியாவின் வெளிச்சம்

2007-ல் ஸ்பெயினின் செவியா நகருக்கு அருகே திறக்கப்பட்ட பிஎஸ்10, வணிக முறையில் மின்சாரம் விற்ற முதல் சூரியக் கோபுரம். 115 மீட்டர் உயரம், 624 கண்ணாடிகள், 11 மெகாவாட். ஒவ்வொரு கண்ணாடியும் 120 சதுர மீட்டர். ஒரு நல்ல வீட்டின் தளப்பரப்பு. நீராவி 250 டிகிரிதான். அதிகச் சூட்டுக்கு ஆசைப்படாமல், பத்திரமாக ஓடட்டும் என்று எடுத்த முடிவு அது.

★ நீராவியைச் சேர்த்து வைக்க முடியுமா?

முடியும், கொஞ்ச நேரத்துக்கு. பிஎஸ்10-ல் நான்கு பெரிய கலன்கள் உண்டு. அவற்றில் உயர் அழுத்தத்தில் கொதிநீரை அடைத்து வைப்பார்கள். மேகம் வந்ததும் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினால், அந்தத் தண்ணீர் தானாகவே குபீரென்று ஆவியாகும். அடுப்பை அணைத்த பிறகும் குக்கர் வெயிட்டைத் தூக்கினால் உஸ்ஸென்று சீறுமே, அதே வித்தை. ஆனால், நான்கு கலனும் சேர்ந்து பாதித் திறனில் 50 நிமிடம்தான் தாக்குப்பிடிக்கும்.

★ நெருப்பில்லாத ரயில்

இந்தக் கலன் சூரியனுக்காகக் கண்டுபிடித்ததல்ல. தீப்பொறி விழக்கூடாத வெடிமருந்து, ரசாயன ஆலைகளுக்குள் ஓட்ட, நெருப்பே இல்லாத நீராவி ரயில் என்ஜின்கள் இருந்தன. ஆலைக் கொதிகலனில் ஒருமுறை கொதிநீரும் ஆவியும் நிரப்பிக்கொண்டால், அழுத்தம் தீரும் வரை ஓடும்.

★ கோபுரத்துக்குள் காற்று

தென்னாப்பிரிக்காவின் அபிங்டன் அருகே 2016 முதல் இயங்கும் 'கை சோலார் ஒன்', 50 மெகாவாட் நேரடி நீராவிக் கோபுரம். 205 மீட்டர் உயரம். உச்சியில் கொதிகலன் மட்டுமல்ல. நீராவியைக் காற்றால் குளிரவைத்து மறுபடி தண்ணீராக்கும் அமைப்பையும் கோபுரத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். சூடான காற்று தானே மேலே ஏறுவதால் விசிறி தேவையில்லை. தண்ணீர் அரிதான ஊரில் இது பெரிய மிச்சம்.

★ மூன்று கோபுரம், ஒன்றே முக்கால் லட்சம் சோடி

நேரடி நீராவியின் மிகப் பெரிய பந்தயம் கலிபோர்னியாவின் ஐவன்பா. 2014-ல் திறப்பு, 392 மெகாவாட், 140 மீட்டர் உயரத்தில் மூன்று கோபுரங்கள், ஏறக்குறைய 1,73,500 கண்ணாடித் தாங்கிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு கண்ணாடி. நீராவி 540 டிகிரியைத் தொடும். சேமிப்பு கிடையாது. காலையில் கொதிகலனைத் தட்டி எழுப்ப இயற்கை எரிவாயு வேண்டும். குவிந்த ஒளிக்குள் பறந்த பறவைகள் கருகி விழுந்ததும் கண்டனத்துக்கு ஆளானது.

★ குறி தப்பினால்

2016 மே மாதம் அதே ஐவன்பாவில் சில கண்ணாடிகள் குறி தவறி, கொதிகலனுக்குப் பதிலாகக் கோபுரத்தின் வேறொரு பகுதியைச் சுட்டன. குழாய்களும் கம்பிகளும் கருகி, அந்தக் கோபுரம் நிறுத்தப்பட்டது. வெயிலால் மூட்டிய தீயை அணைக்கத் தீயணைப்பு வீரர்கள் கோபுரத்தில் ஏற வேண்டியதாயிற்று.

★ நெகேவில் இன்னொரு விளக்கு

இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் அஷாலிம் என்ற இடத்தில் 2019-ல் 121 மெகாவாட் கோபுரம் எழுந்தது. சுமார் 250 மீட்டர் உயரம், 50,000-க்கு மேல் கண்ணாடிகள். இங்கும் தண்ணீரே நேராகக் கொதிக்கிறது.

★ கொதிக்காமலே ஆவி

374 டிகிரிக்கும் 221 பாருக்கும் மேலே போனால் தண்ணீருக்கும் ஆவிக்கும் வித்தியாசமே இல்லை. குமிழியும் கிடையாது, கொதிப்பும் கிடையாது. நவீன நிலக்கரி நிலையங்கள் ஓடுவது இந்த நிலை நீராவியில்தான். வெயிலால் மட்டுமே அந்த நிலையை எட்ட முடியும் என்று 2014-ல் காட்டியது ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனம்: 235 பார், 570 டிகிரி.

★ பிறகு ஏன் நேரடி நீராவி தோற்றது?

இருட்டியதால்! உருகிய உப்பைப் பெரிய தொட்டியில் ஊற்றி வைத்தால் விடிய விடிய மின்சாரம் எடுக்கலாம். சோலார் ஒன் கட்சி மாறியதும் இதற்காகத்தான். 2011-ல் வந்த ஸ்பெயினின் ஜெமாசோலார் 15 மணி நேரத்துக்கான சூட்டை உப்பில் சேமித்தது. நீராவியை அப்படிச் சேமிக்க அழுத்தம் தாங்கும் கனத்த இரும்புக் கலன்கள் வேண்டும், செலவு கட்டுப்படியாகாது. பகலில் மட்டும் மின்சாரம் போதும் என்றாலோ, சூரியப் பலகை அதைவிட மலிவு. நேரடி நீராவி இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. ஐவன்பாவின் மின்சாரத்தை வாங்கிவந்த நிறுவனம் ஒன்று, ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ளப்போவதாக 2025 ஜனவரியில் அறிவித்ததும் இதே விலைக் கணக்கால்தான்.

★ ஒளிந்திருக்கும் சூடு

சேமிப்பில் இன்னொரு முடிச்சும் உண்டு. 100 பாரில், 30 டிகிரித் தண்ணீரை 540 டிகிரி நீராவியாக்கச் செலவாகும் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு, வெப்பநிலை 311 டிகிரியிலேயே நிற்கும்போது செலவாகிறது. இந்தச் சூட்டை வாங்கி வைக்க, அதேபோல் வெப்பநிலை ஏறாமலே சூட்டை விழுங்கும் பொருள் வேண்டும். சோடியம் நைட்ரேட் 306 டிகிரியில் உருகும். ஜோடிப் பொருத்தம் கச்சிதம். ஸ்பெயினின் கார்போனெராஸில் 14 டன் சோடியம் நைட்ரேட்டை வைத்து இதைச் சோதித்தார்கள்.

★ இரும்பில் இரவு

இரவுக்கு இன்னொரு விடை நம் நாட்டில் இருக்கிறது. ராஜஸ்தானின் அபு ரோட்டில் பிரம்மகுமாரிகள் அமைப்பினர் கட்டிய 'இந்தியா ஒன்' நிலையம். 60 சதுர மீட்டர் வட்டில்கள் 770. மொத்தம் 1 மெகாவாட். ஒவ்வொரு வட்டிலின் குவியத்திலும் கனத்த வார்ப்பிரும்புக் கட்டி. பகலெல்லாம் வெயில் அந்த இரும்பைக் காய்ச்சும். அதைச் சுற்றியுள்ள குழாயில் எப்போது தண்ணீர் விட்டாலும் ஆவி வரும். நம் தோசைக்கல் அடுப்பை அணைத்த பிறகும் ஒரு தோசை வார்த்துத் தருமே, அந்தக் கணக்கு.

★ நிலக்கரிக்குக் கைகொடுத்த வெயில்

ஆஸ்திரேலியாவின் லிடெல் நிலக்கரி மின் நிலையத்தில், ஃபிரெனல் பட்டைகள் தந்த சூட்டைக் கொதிகலனுக்குப் போகும் தண்ணீரைக் காய்ச்சப் பயன்படுத்தினார்கள். 2023-ல் அந்த நிலக்கரி நிலையமே மூடப்பட்டது.

★ கண்ணாடி வீட்டுக்குள் கண்ணாடி

ஓமானின் அமல் எண்ணெய் வயலில் எண்ணெய் தார்போலக் கெட்டி. நீராவியை உள்ளே செலுத்தி இளக்கினால்தான் மேலே வரும். அந்த நீராவியை வெயிலில் எடுக்கத் தொட்டிக் கண்ணாடிகளைப் பயிர் வளர்க்கும் கண்ணாடிக் கூடாரத்துக்குள் தொங்கவிட்டார்கள். மணல்காற்றுக்குக் கூடாரம் கவசம். உள்ளே காற்று வீசாததால் கண்ணாடியும் தாங்கியும் மெலிதாக இருந்தால் போதும்.

★ திருமலையின் மாடியில்

2002-ல் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அன்னதான சமையலுக்காக மாடியில் 106 வட்டில்கள் அமைக்கப்பட்டன. நாளொன்றுக்கு 4,000 கிலோ நீராவி, 180 டிகிரியில்; 15,000 பேருக்குச் சமைக்கும் அளவு. இந்த வகை அமைப்பைக் கிட்டத்தில் பார்த்தால் அதன் எளிமை புரியும். வட்டில்களுக்கு மேலே நீளமாக ஓர் இரும்புக் குழாய். அதில் பாதியளவே தண்ணீர். வட்டில் குவிக்கும் ஒளி படும் கலத்திலிருந்து ஆவி எழுந்து, குழாயின் மேல்பாதியில் சேர்ந்து, கீழே சமையற்கூடத்துக்கு இறங்கும். அரிசியும் பருப்பும் அண்டாவில் அந்த ஆவியிலேயே வேகும். மின் நிலையத்தில் பொறியாளர்களைப் பாடாய்ப்படுத்திய 'அடியில் நீர், மேலே ஆவி' இங்கே தொல்லையே இல்லை. அதுதான் இங்கே அமைப்பே! அழுத்தம் குறைவு, குழாய் அகலம், அவசரம் இல்லை.

★ ஆரோவில் கிண்ணம்

புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில் சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் அகலத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் உட்கார்ந்திருக்கிறது. கிண்ணம் அசையாது, வெயில் குவியும் இடம் நகர நகர, அதை வாங்கும் கருவிதான் நகரும். அதன் சூட்டில் கிடைக்கும் நீராவி, நூற்றுக்கணக்கானவர்களின் சாப்பாட்டுக்கு.

★ இரவு தேவைப்படாத வேலைகள்

சோறு வேகவைக்க, சாயம் காய்ச்ச, பால் பதப்படுத்த, நெல் அவிக்க 540 டிகிரி வேண்டாம். 120 முதல் 200 டிகிரி நீராவி போதும். இந்த வேலைகளில் பெரும்பகுதி பகலில் நடப்பவை. டர்பைன் வேண்டாம், உப்புத் தொட்டி வேண்டாம். இரவில் தோற்ற நேரடி நீராவி, பகல் வேலையில் யாரிடமும் தோற்க வேண்டியதில்லை.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று களத்துமேட்டில் சொன்னார்கள். அடுத்த முறை ஓர் ஆலையிலோ கல்யாண மண்டபத்திலோ கொதிகலனுக்கு விறகு அடுக்கியிருப்பதைப் பார்த்தால், அதன் கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். பகலெல்லாம் வெயில் அங்கே சும்மாதான் விழுந்துகொண்டிருக்கும்.